எடைக் குறைப்பில் சாப்பாடும் உடற்பயிற்சியும்: கணக்கு போடுவது முதல் திருத்துவது வரை

எடையைக் குறைக்க இறங்குபவர்கள் இரண்டு இடங்களில் சறுக்குகிறார்கள். வியர்க்க விறுவிறுக்க உழைத்துவிட்டு, எரித்ததைவிட அதிகமாகச் சாப்பிட்டுவிடுவது ஒன்று. சாப்பாட்டைப் பாதியாக வெட்டி, உடற்பயிற்சியை இரட்டிப்பாக்கி, மூன்றாவது வாரத்தில் இரண்டையும் கைவிடுவது இன்னொன்று. சாப்பாட்டுக்கு ஒரு வேலை, உடற்பயிற்சிக்கு வேறு வேலை என்று பிரித்துப் பார்க்காததால் வருவதுதான் இரண்டுமே. எடை இறங்கத் தேவையான கலோரிப் பற்றாக்குறையை, அதாவது உடல் செலவழிப்பதைவிட உள்ளே போவது குறைவதை, பெருமளவு உண்டாக்குவது சாப்பாடு. இறங்குகிற எடை கொழுப்பா தசையா, இறங்கியது திரும்ப ஏறுமா என்பதில்தான் உடற்பயிற்சியின் கை ஓங்கும். இந்த வழிகாட்டி முழுவதும் அந்தப் பிரிவினையின் மேல்தான் நிற்கிறது.

தொடங்கும் முன்

கர்ப்பிணிகள், பாலூட்டுபவர்கள், 18 வயது நிரம்பாதவர்கள், பட்டினி கிடப்பது, அளவின்றிச் சாப்பிட்டு வாந்தியெடுப்பது போன்ற உணவுக் கோளாறு முன்பு இருந்தவர்கள் ஆகியோர் இந்தக் கணக்கைத் தாங்களாகப் போட வேண்டாம். இன்சுலின் அல்லது சல்ஃபோனைல்யூரியா வகைச் சர்க்கரை நோய் மாத்திரை எடுப்பவர்களுக்குச் சாப்பாடு குறைந்து உழைப்பு கூடும்போது சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். மருந்தின் அளவை மாற்றுவது பற்றி மருத்துவரிடம் பேசிவிட்டுத்தான் தொடங்க வேண்டும். ரத்த அழுத்த மாத்திரை எடுப்பவர்களும் அப்படியே. சிறுநீரக நோய் உள்ளவர்களுக்குக் கீழே வரும் புரத அளவு பொருந்தாது.

1. உடல் ஒரு நாளைக்கு எவ்வளவு செலவழிக்கிறது

1990-இல் வெளியான மிஃப்ளின்–செயின்ட் ஜியோர் சமன்பாடு இதற்குப் போதும். எடையை (கிலோ) 10-ஆல் பெருக்குங்கள். உயரத்தை (செ.மீ.) 6.25-ஆல் பெருக்கிக் கூட்டுங்கள். வயதை 5-ஆல் பெருக்கிக் கழியுங்கள். ஆண்கள் கடைசியில் 5 கூட்ட வேண்டும், பெண்கள் 161 கழிக்க வேண்டும். கிடைப்பது, அசையாமல் படுத்திருந்தாலும் உடல் செலவழிக்கும் கலோரி.

80 கிலோ எடை, 165 செ.மீ. உயரம், 38 வயதுள்ள ஒரு பெண்ணை வைத்துப் பார்ப்போம். 800 + 1,031 − 190 − 161 = 1,480. இதை அன்றாட நடமாட்டத்துக்கான எண்ணால் பெருக்க வேண்டும். நாள் முழுக்க உட்கார்ந்த வேலை, உடற்பயிற்சி இல்லை என்றால் 1.2. வாரத்தில் சில நாள் மிதமான உடற்பயிற்சி இருந்தால் 1.375. பெரும்பாலான நாட்களில் நன்றாக உழைத்தால் 1.55. இவர் வாரம் மூன்று நாள் எடைப்பயிற்சியும் (எடை தூக்கித் தசைக்கு வேலை கொடுப்பது) மற்ற நாட்களில் நடையும் வைத்துக்கொள்கிறார் என்றால் 1,480 × 1.375 = 2,035.

இந்தப் பெருக்கெண்ணில்தான் பலர் தங்களுக்குத் தாங்களே சலுகை கொடுத்துக்கொள்கிறார்கள். ஒரு மணி நேரம் ஜிம், மீதி 15 மணி நேரம் நாற்காலி என்றால் அது 1.55 ஆகாது. இரண்டு எண்களுக்கு நடுவில் தயங்கினால் சிறியதை எடுங்கள். கிடைக்கும் விடை ஒரு தொடக்கப் புள்ளிதான். எட்டாவது பகுதியில் உங்கள் சொந்த எண் கிடைத்ததும் இதைத் தூக்கிப் போட்டுவிடலாம்.

2. பற்றாக்குறையை எவ்வளவு வைப்பது

ஒரு கிலோ உடல் கொழுப்பில் ஏறக்குறைய 7,700 கலோரி இருக்கிறது. வாரத்துக்கு உடல் எடையில் 0.5 சதவீதம் இறங்குவது பலருக்கும் தாக்குப்பிடிக்கும் வேகம். நிறைய எடை மிகுந்திருப்பவர்கள் 1 சதவீதம் வரை போகலாம். நம் உதாரணப் பெண்ணுக்கு 0.5 சதவீதம் என்பது 400 கிராம். அதற்கு நாளொன்றுக்கு 440 கலோரி குறைய வேண்டும். 2,035-இலிருந்து கழித்தால் 1,595, அதாவது 1,600 என்று வைத்துக்கொள்ளலாம்.

இன்னும் வெட்டினால் இன்னும் வேகமாக இறங்காதா என்றால், இறங்கும்தான். ஆனால் பற்றாக்குறை பெரிதாக ஆக, போகிற எடையில் தசையின் பங்கும் பெரிதாகிறது, பயிற்சியில் தூக்கும் எடை சரிகிறது, பித்தப்பையில் கல் உருவாகும் வாய்ப்பும் கூடுகிறது. அசதியில் நம்மையறியாமலே நடமாட்டம் குறைந்துவிடுவதால், வெட்டியதில் ஒரு பகுதி வீணாகவும் போகிறது. மருத்துவரின் கண்காணிப்பு இல்லாமல் பெண்கள் 1,200-க்கும் ஆண்கள் 1,500-க்கும் கீழே போகக் கூடாது. தொடர்ந்து உடற்பயிற்சி செய்பவர்களுக்கு இந்த எல்லைகளே குறைவுதான்.

3. அந்தக் கலோரியை எதில் செலவிடுவது

முதலில் புரதம். உடல் எடையில் கிலோவுக்கு 1.6 கிராம். எடை மிகுதியாக இருந்தால் இப்போதைய எடையை வைத்துப் பெருக்க வேண்டாம், அடைய நினைக்கும் எடையை வைத்துப் பெருக்குங்கள். இலக்கு 65 கிலோ என்றால் 104 கிராம். கிராமுக்கு 4 கலோரி வீதம் 416 கலோரி. புரதம் தசையைக் காப்பதோடு வயிறு நிறைந்த உணர்வையும் நீடிக்கச் செய்கிறது. அதைச் செரிக்கவே அதிலுள்ள கலோரியில் 20 முதல் 30 சதவீதம் செலவாகிவிடும். மாவுச்சத்துக்கு இது 5 முதல் 10 சதவீதம், கொழுப்புக்கு அதிகபட்சம் 3.

அடுத்து கொழுப்பு. இலக்கு எடையில் கிலோவுக்கு 0.8 கிராமுக்குக் கீழே போக விடாதீர்கள். இவருக்கு 52 கிராம், கிராமுக்கு 9 வீதம் 468 கலோரி. மிச்சமிருக்கும் 716 கலோரி மாவுச்சத்துக்கு, அதாவது சுமார் 179 கிராம். மாவுச்சத்தை அடியோடு நிறுத்தினால் முதல் வாரத்தில் எடை சட்டென்று இறங்கும். ஆனால் இறங்குவதில் பெரும்பகுதி தண்ணீர். தசையிலும் ஈரலிலும் சேமித்திருக்கும் மாவுச்சத்தான கிளைக்கோஜன் ஒவ்வொரு கிராமும் சுமார் 3 கிராம் நீரைப் பிடித்து வைத்திருப்பதால், அது தீரும்போது நீரும் சேர்ந்து போகிறது. கடினமான பயிற்சிக்கு எரிபொருளும் அதே கிளைக்கோஜன்தான் என்பதால், விலை கொடுப்பது உங்கள் உடற்பயிற்சி.

நார்ச்சத்து நாளுக்கு 25 கிராமுக்குக் குறையாமல் இருக்கட்டும். காய்கறி, பழம், பருப்பு, முழுத்தானியம் ஆகியவற்றிலிருந்து அது வந்துவிடும்.

புரதத்தைக் கூட்டிப் பார்க்க உதவும் தோராய அளவுகள்: ஒரு முட்டையில் 6 கிராம். வேகவைத்த கோழி நெஞ்சுக்கறி 100 கிராமில் 30. மீனில் 20 முதல் 25. வேகவைத்த பருப்பு அல்லது கொண்டைக்கடலை 100 கிராமில் 9. பால் 250 மி.லி.யில் 8. உலர்ந்த சோயா உருண்டை 50 கிராமில் 26. பருப்பைப் புரதக் கணக்கில் மட்டும் எழுதிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. அதே 100 கிராம் பருப்பில் சுமார் 20 கிராம் மாவுச்சத்தும் இருப்பதை மறக்கக் கூடாது.

4. அளப்பது

கணக்கு கெட்டுப்போகும் இடம் பெரும்பாலும் இதுதான். 1992-இல் வெளியான ஓர் ஆய்வில், “எவ்வளவு குறைவாகச் சாப்பிட்டாலும் எடை குறையவில்லை” என்று சொன்னவர்களைச் சோதித்தார்கள். உண்மையில் சாப்பிட்டதைவிட 47 சதவீதம் குறைவாகவும், செய்ததைவிட 51 சதவீதம் அதிக உடற்பயிற்சியாகவும் அவர்கள் சொல்லியிருந்தது தெரிந்தது. பொய் சொல்லும் எண்ணம் அவர்களுக்கு இல்லை. கண்ணளவு அவ்வளவு ஏமாற்றும்.

முதல் நான்கு வாரமாவது சமையல் தராசு வைத்துக்கொள்ளுங்கள். கவனிக்க வேண்டியவை இவை:

- வேகவைக்காத எடையா, வெந்த எடையா என்பதை எப்போதும் குறித்துக்கொள்ளுங்கள். அரிசி 100 கிராம் சுமார் 350 கலோரி, சோறு 100 கிராம் சுமார் 130. கலோரிக் கணக்கு வைக்கும் செயலியில் ஒன்றுக்குப் பதில் மற்றதைத் தேர்ந்தெடுத்தால் கணக்கு ஏறக்குறைய மூன்று மடங்கு பிசகும்.
- எண்ணெயைக் கரண்டியால் அளக்காதீர்கள். பாட்டிலைத் தராசில் வைத்துப் பூஜ்யமாக்கி, வாணலியில் ஊற்றிவிட்டுத் திரும்ப வையுங்கள். கழித்தல் குறியுடன் காட்டும் எண்தான் ஊற்றிய கிராம். 13 கிராம் எண்ணெய் கிட்டத்தட்ட 120 கலோரி.
- பலருக்குச் சேர்த்துச் சமைத்தால், எல்லாப் பொருளையும் பச்சையாக எடை போட்டு மொத்தக் கலோரியை எழுதுங்கள். வெந்தபின் பாத்திரத்தின் எடையைக் கழித்து மொத்த உணவை எடை போடுங்கள். உங்கள் தட்டில் அதில் எத்தனை சதவீதம் விழுகிறதோ, கலோரியிலும் அத்தனை சதவீதம் உங்களுடையது.
- ருசி பார்த்தது, குழந்தை மிச்சம் வைத்தது, காபியில் போட்ட சர்க்கரை, வார இறுதி மது எல்லாமே கணக்கில் வர வேண்டும். மதுவில் கிராமுக்கு 7 கலோரி.

நான்கு வாரம் போனபின், தினமும் சாப்பிடும் பத்துப் பதினைந்து உணவுகளின் அளவு கண்ணுக்குப் பழகியிருக்கும். அதன்பின் எண்ணெய், கொட்டைகள், தானியம் ஆகிய மூன்றை மட்டும் எடை போட்டால் போதும். கீரையையும் வெள்ளரிக்காயையும் எடை போட்டு நேரத்தை வீணாக்க வேண்டாம்.

5. எந்த உடற்பயிற்சி, எவ்வளவு

நேரம் குறைவாக இருந்தால் முதலில் எடைப்பயிற்சிக்கு இடம் ஒதுக்குங்கள். அது எரிக்கும் கலோரி குறைவுதான். ஆனால் பற்றாக்குறையில் இருக்கும் உடலுக்கு, “இந்தத் தசை வேண்டும், கரைக்காதே” என்று சொல்லக்கூடிய மிக வலுவான சமிக்ஞை அதுதான். வாரம் இரண்டு அல்லது மூன்று நாள், ஒவ்வொரு முறையும் 40 முதல் 50 நிமிடம். உட்கார்ந்து எழுவது, இடுப்பை மடக்கித் தரையிலிருந்து தூக்குவது, தள்ளுவது, இழுப்பது என்ற நான்கு வகை அசைவுகளும் இருக்க வேண்டும். ஸ்குவாட், டெட்லிஃப்ட், புஷ்-அப், ரோ ஆகிய நான்கும் இதே வரிசையில் இதை நிறைவு செய்யும். ஒவ்வொன்றிலும் 2 முதல் 4 செட் (இடையில் நிறுத்தாமல் செய்யும் ஒரு சுற்று), செட்டுக்கு 6 முதல் 15 முறை. இன்னும் இரண்டு மூன்று முறைதான் செய்ய முடியும் என்ற இடத்தில் நிறுத்துங்கள். தூக்கிய எடையையும் எண்ணிக்கையையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள், பிறகு அது தேவைப்படும்.

அதற்கு அடுத்தது நடை. வாரத்தில் 150 முதல் 300 நிமிட மிதமான உழைப்பு என்பது உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட அளவு. ஓட்டத்தைவிட நடையைப் பரிந்துரைப்பதற்குக் காரணம் உண்டு: பசியை அதிகம் கிளறாது, மூட்டை வருத்தாது, மறுநாள் எடைப்பயிற்சியைக் கெடுக்காது. ஓட்டமோ சைக்கிளோ பிடித்திருந்தால் வாரம் இரண்டு முறை தாராளமாகச் செய்யலாம். முதல் நாளே ஆறு நாள் அட்டவணை போடாதீர்கள். உடற்பயிற்சியும் சாப்பாட்டுக் கட்டுப்பாடும் ஒரே வாரத்தில் உச்சத்துக்குப் போனால், எது ஒத்துக்கொள்ளவில்லை என்று கண்டுபிடிக்கவே முடியாது.

6. எரித்த கலோரியைத் திரும்பச் சாப்பிடலாமா

அதிகம் குழப்புவது இந்தக் கேள்விதான், கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

80 கிலோ எடையுள்ளவர் மணிக்கு 5 கி.மீ. வேகத்தில் 45 நிமிடம் நடந்தால், ட்ரெட்மில் சுமார் 210 கலோரி என்று காட்டும். அந்த 45 நிமிடம் சும்மா உட்கார்ந்திருந்தாலும் 60 கலோரி செலவாகியிருக்கும், அதுவும் இதில் சேர்ந்திருக்கிறது. நடையால் கூடுதலாகச் செலவானது 150 தான். 25 கிராம் கொட்டைகள், அதாவது ஒரு சின்னக் கைப்பிடி, அதைச் சமன் செய்துவிடும்.

கையில் கட்டும் கருவிகளும் நம்பத்தக்கவை அல்ல. ஸ்டான்ஃபோர்டில் ஏழு கருவிகளைச் சோதித்து 2017-இல் வெளியிட்ட ஆய்வில், இதயத் துடிப்பைப் பெரும்பாலானவை சரியாகச் சொன்னாலும், கலோரியில் மிகத் துல்லியமான கருவியே சராசரியாக 27 சதவீதம் பிசகியது. இதற்கு மேல் உடலும் தன் பங்குக்குச் சிக்கனம் செய்கிறது. உடற்பயிற்சியில் செலவானதை நாளின் மற்ற நேரங்களில் மிச்சம் பிடிக்கப் பார்க்கும். 2021-இல் வெளியான ஒரு பெரிய ஆய்வு, இப்படி ஈடுகட்டப்படுவது சராசரியாக 28 சதவீதம் என்று கணக்கிட்டது. திரையில் தெரியும் 210, உடலின் நாள் கணக்கில் 100 அளவுக்குச் சுருங்கிவிடலாம்.

வழி இரண்டு உண்டு. ஒன்றைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு அதிலேயே நில்லுங்கள்.

வழி அ: முதல் பகுதியில் 1.375 என்று உடற்பயிற்சியையும் சேர்த்தே பெருக்கினோம். அப்படியானால் உடற்பயிற்சிக் கலோரி ஏற்கெனவே உள்ளே வந்துவிட்டது. வாட்ச் என்ன காட்டினாலும் ஒரு கலோரிகூடத் திரும்பச் சாப்பிட வேண்டாம். வாராவாரம் ஒரே மாதிரி உடற்பயிற்சி செய்பவர்களுக்கு இதுதான் எளிது.

வழி ஆ: 1.2-ஆல் மட்டும் பெருக்கி, உடற்பயிற்சி செய்த நாளில் கருவி காட்டுவதில் பாதியை மட்டும் சேர்த்துச் சாப்பிடுங்கள். ஒரு வாரம் ஐந்து நாள், அடுத்த வாரம் ஒரு நாள் என்று அட்டவணை நிலையில்லாதவர்களுக்கு இது பொருந்தும்.

1.375-ஆல் பெருக்கியபின், செயலியை வாட்சுடன் இணைத்து, அது “இன்னும் 300 கலோரி சாப்பிடலாம்” என்று சொல்வதையும் கேட்பவர்கள் ஒரே உடற்பயிற்சிக்கு இரண்டு முறை கூலி வாங்குகிறார்கள். எடை நின்றுபோனதாகச் சொல்பவர்கள் முதலில் இதைச் சரிபார்க்க வேண்டும்.

விதிவிலக்கு நீண்ட பயிற்சி. 90 நிமிடத்தைத் தாண்டும் ஓட்டமோ சைக்கிள் பயணமோ என்றால், நடுவிலேயே மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து எடுத்துக்கொள்ளுங்கள். அதை மிச்சம் பிடித்தால் அன்று இரவு பசி இரண்டு மடங்காக வசூலித்துவிடும். ஒரு மணி நேரத்துக்குள் முடியும் பயிற்சிக்குத் தண்ணீர் போதும், விளையாட்டு பானம் தேவையில்லை.

7. எப்போது சாப்பிடுவது

நேரத்தைவிட நாளின் மொத்தம்தான் பெரிது. வெறும் வயிற்றில் உடற்பயிற்சி செய்தால் அந்த நேரத்தில் கொழுப்பு கூடுதலாக எரியும் என்பது உண்மை. ஆனால் நாளின் மற்ற நேரத்தில் அது சமனாகிவிடுவதால், மொத்தக் கலோரி ஒன்றாக இருக்கும்போது உடல் கொழுப்பு குறைவதில் வித்தியாசம் தெரிவதில்லை. வெறும் வயிறு சுகமாக இருந்தால் செய்யுங்கள், தலைசுற்றினால் ஒரு வாழைப்பழம் சாப்பிட்டுவிட்டுச் செய்யுங்கள்.

சாதாரணமாக, பயிற்சிக்கு 2 முதல் 3 மணி நேரம் முன்பு மாவுச்சத்தும் புரதமும் உள்ள ஒரு வேளை உணவு. கொழுப்பும் நாரும் மிகுந்ததை அப்போது தவிர்த்தால் வயிறு கனக்காது. பயிற்சி முடிந்து ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் 25 முதல் 35 கிராம் புரதமுள்ள அடுத்த வேளை. நாளின் புரதத்தை மூன்று நான்கு வேளைக்குப் பிரித்துக்கொண்டால் இது தானாகவே அமைந்துவிடும்.

பயிற்சி நாளில் பசி அதிகமாக இருப்பவர்கள் வாரக் கணக்காகப் பிரிக்கலாம். 1,600 × 7 = 11,200. மூன்று பயிற்சி நாட்களுக்கு 1,750, நான்கு ஓய்வு நாட்களுக்கு 1,490 என்று வைத்தாலும் கூட்டுத்தொகை ஏறக்குறைய அதேதான். கூட்டுவதும் குறைப்பதும் மாவுச்சத்தில் இருக்கட்டும், புரதத்தில் கை வைக்க வேண்டாம்.

8. எடை பார்ப்பதும் கணக்கைத் திருத்துவதும்

தினமும் காலையில், கழிப்பறை போய்வந்தபின், எதுவும் சாப்பிடும் முன் எடை பாருங்கள். தனித்தனி நாளின் எண்ணைப் பொருட்படுத்தாமல், ஏழு நாள் சராசரியை மட்டும் ஒப்பிடுங்கள். உப்பு, தாமதமான இரவு உணவு, மலச்சிக்கல் எதுவும் ஒரே நாளில் ஒரு கிலோ வரை ஆட்டும். மாதவிடாய் உள்ளவர்கள் இந்த மாதத்தின் ஒரு வாரத்தைப் போன மாதத்தின் அதே வாரத்துடன் ஒப்பிட வேண்டும். புதிதாக எடைப்பயிற்சி தொடங்கினால் தசைகள் நீரைப் பிடித்துக்கொள்வதால், முதல் இரண்டு மூன்று வாரம் எடை அசையாமலோ ஏறியோ இருக்கலாம். அப்போது தொப்புள் மட்டத்தில் இடுப்புச் சுற்றளவைப் பாருங்கள்.

முதல் வாரத்தைக் கணக்கில் சேர்க்காமல், இரண்டாம் வாரச் சராசரியையும் ஐந்தாம் வாரச் சராசரியையும் எடுத்துக்கொள்ளுங்கள். இடைவெளி 21 நாள். நம் உதாரணப் பெண் சராசரியாக 1,600 கலோரி சாப்பிட்டு 0.9 கிலோ இறங்கியிருக்கிறார் என்றால், 0.9 × 7,700 ÷ 21 = 330. அவருடைய உண்மையான செலவு 1,600 + 330 = 1,930. சமன்பாடு சொன்ன 2,035 இல்லை. வாரம் 0.4 கிலோ இறங்கியே தீர வேண்டும் என்றால் 1,490-க்குப் போக வேண்டும். இல்லை, 0.3 கிலோ போதும் என்று 1,600-இலேயே தொடரலாம். நிம்மதியாகச் சாப்பிட முடிகிறது என்றால் இரண்டாவதே நல்லது.

இந்த முறையில் ஒரு வசதி உண்டு. நீங்கள் தினமும் 150 கலோரி குறைவாகவே எழுதுகிறீர்கள் என்றாலும், ஒரே மாதிரி தவறாக எழுதும்வரை கணக்கு வேலை செய்யும், ஏனென்றால் விடையும் அதே தவறான அளவுகோலில்தான் வருகிறது.

எங்கே கோளாறு என்று கண்டுபிடிப்பது

எடை மூன்று வாரம் அசையவில்லை, தூக்கும் எடை ஏறுகிறது, இடுப்பு குறைகிறது: எதையும் மாற்றாதீர்கள்.

எடையும் இடுப்பும் இரண்டும் அசையவில்லை: கலோரியைக் குறைக்கும் முன் ஒரு வாரம் திரும்பத் தராசுக்குப் போங்கள். எண்ணெயிலும் வார இறுதியிலும்தான் பெரும்பாலும் அகப்படும். அது சரியாக இருந்தால் நாளின் மொத்த அடிகளைப் பாருங்கள். உடற்பயிற்சி தொடங்கியபின் மற்ற நேரத்தில் நடப்பது குறைந்திருந்தால் அதை மீட்டாலே போதும். அதன் பிறகுதான் 100 முதல் 150 கலோரி குறைப்பு.

எடை இறங்குகிறது, ஆனால் தூக்கும் எடை இரண்டு வாரமாகச் சரிகிறது: பற்றாக்குறை பெரிது, அல்லது புரதமோ தூக்கமோ போதவில்லை. தூக்கத்தை லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 2010-இல் வெளியான ஒரு சிறிய ஆய்வில், அதே அளவு சாப்பாட்டில் 8.5 மணி நேரத்துக்குப் பதில் 5.5 மணி நேரமே தூங்க வாய்ப்புக் கொடுத்தபோது, இறங்கிய எடையில் கொழுப்பின் பங்கு பாதிக்கும் மேல் குறைந்தது.

மாதவிடாய் மூன்று மாதம் வரவில்லை, எப்போதும் குளிர்கிறது, முடி கொட்டுகிறது, சின்னக் காயமும் ஆறமாட்டேன் என்கிறது: உழைப்புக்கேற்ற ஆற்றல் உடலுக்குக் கிடைக்கவில்லை என்பதற்கான அடையாளங்கள் இவை. எடைக் குறைப்பை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

இலக்கை நெருங்கும்போது

ஒவ்வொரு 4 அல்லது 5 கிலோ இறங்கியதும் எட்டாவது பகுதிக் கணக்கைத் திரும்பப் போடுங்கள். உடல் சிறிதாகும்போது ஓய்வுச் செலவும் குறையும், அதே நடைக்கு ஆகும் கலோரியும் குறையும். 10, 12 வாரம் தொடர்ந்தபின், ஒன்றிரண்டு வாரம் எடை நிற்கும் அளவுக்குச் சாப்பிட்டு இடைவெளி விடலாம். மனதுக்கும் பயிற்சிக்கும் அது நல்லது.

இலக்கை எட்டியதும் வாரத்துக்கு 100 முதல் 150 கலோரி என்று கூட்டிக்கொண்டே போய், ஏழு நாள் சராசரி இறங்காமல் நிற்கும் இடத்தில் நிறுத்துங்கள். கூட்டுவதைப் பெரும்பாலும் மாவுச்சத்தாகக் கூட்டுங்கள். கிளைக்கோஜனும் அதனுடன் நீரும் திரும்புவதால் ஒரு கிலோ வரை ஏறும். அது கொழுப்பல்ல, பதறிப்போய்த் திரும்ப வெட்ட வேண்டாம். எடைப்பயிற்சியையும் நடையையும் மட்டும் குறைக்காதீர்கள். அதன்பின் வாரம் ஒன்றிரண்டு முறை எடை பார்த்தால் போதும். நிலைத்த எடையைவிட 2 கிலோ ஏறி, இரண்டு வாரம் அங்கேயே நின்றால், நான்கு வாரத்துக்குச் சமையல் தராசை மறுபடி வெளியே எடுங்கள்.